சுடாத துப்பாக்கி

தொலைக்காட்சித் திரையில் ஒரு புல்வெளி. புதருக்குள்ளிருந்து வாத்து ஒன்று படபடவென்று மேலே கிளம்புகிறது. உங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. குறி பார்த்து விசையை இழுக்கிறீர்கள். திரை ஒரு கணம் மின்னுகிறது. வாத்து சுருண்டு விழுகிறது. துப்பாக்கியிலிருந்து பாய்ந்தது என்ன? ஏதோ ஒரு கதிர் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் அதிலிருந்து எதுவுமே வெளிவரவில்லை. சுட்டது தொலைக்காட்சிப் பெட்டி; அடிபட்டது துப்பாக்கி!

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'டக் ஹன்ட்' என்னும் வாத்து வேட்டை ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்நிறுவனத்தின் விளையாட்டு எந்திரத்துக்கு 'ஸாப்பர்' என்ற இத்துப்பாக்கி ஒரு துணைக்கருவி. 1990-களில் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் அதன் மலிவான நகல்கள் கிடைத்தன. உங்கள் வீட்டுப் பரணில்கூட ஒன்று இருக்கலாம். அதை எடுத்துத் தூசி தட்டி, இன்றைய தட்டைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பாருங்கள். வாத்து பறக்கும், புல் அசையும், இசையும் ஒலிக்கும். ஆனால் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். குற்றம் அதனுடையதன்று.

முதலில் பழைய கதை கொஞ்சம். 1936-இல் அமெரிக்காவில் சீபர்க் நிறுவனம் 'ரே-ஓ-லைட்' என்ற விளையாட்டு எந்திரத்தை விற்றது. அதில் துப்பாக்கி உண்மையிலேயே ஒளியைப் பாய்ச்சியது. பொம்மை வாத்தின் உடலில் ஒளியை உணரும் குழாய் ஒன்று இருந்தது. ஆனால் தொலைக்காட்சியில் தோன்றும் வாத்தின் வயிற்றில் எந்த உணரியை வைப்பது? அது வெறும் படமாயிற்றே! ஆகவே ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஒளி வாத்திலிருந்து வரட்டும். கண் துப்பாக்கியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

ரால்ப் பேயரின் முயற்சியில் உருவாகி, 1972-இல் முதல் வீட்டு விளையாட்டு எந்திரமாக வெளிவந்த 'மாக்னவாக்ஸ் ஒடிசி'க்கு இப்படிப்பட்ட துப்பாக்கி தனியே விற்கப்பட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிச்சத்தைக் கண்டால் போதும், 'அடித்துவிட்டாய்' என்று அது ஒப்புக்கொள்ளும். திரையை விட்டுவிட்டு மேசை விளக்கைக் குறி பார்த்தவனும் வெற்றி வீரனே!

ஸாப்பர் இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. நீங்கள் விசையை இழுத்தவுடன் எந்திரம் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிடுகிறது. அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றுகிறது. கறுப்பில் இருளையும் அடுத்ததில் ஒளியையும் கண்டேன் என்று துப்பாக்கி சொன்னால்தான் குறி தப்பவில்லை என்று பொருள். கறுப்புப் படத்திலேயே 'ஒளி தெரிகிறது' என்றால், நீங்கள் விளக்கைப் பார்த்துச் சுடுகிறீர்கள்! இரண்டு வாத்துகள் பறந்தால் என்ன செய்வது? முதல் வாத்துக்கு ஒரு படம், இரண்டாவதற்கு அடுத்த படம். எந்தப் படத்தில் ஒளி தெரிந்ததோ அந்த வாத்து விழும். ஒரு படத்துக்கு நொடியில் 60-இல் ஒரு பங்கு. மூன்று படங்களும் சேர்ந்து நொடியில் 20-இல் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு வெறும் மின்னல்தான்.

இதற்கெல்லாம் துணை நின்றது பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி. அதன் கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் உட்பூச்சில் மோதி ஒரு புள்ளியை ஒளிரச் செய்கிறது. அந்தப் புள்ளி இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோடு போடும். அடுத்து அதன் கீழே இன்னொரு கோடு. படம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்வதே இல்லை. புள்ளி கடந்த இடம் உடனே மங்கத் தொடங்கிவிடும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 15,734 கோடுகள். நம் நாட்டு முறையில் 15,625. நம் கண்தான் மெதுவானது. அது கோடுகளையெல்லாம் சேர்த்துப் படம் என்று எண்ணிக் கொள்கிறது.

துப்பாக்கியின் கண் அப்படியன்று. குழலின் முனையிலுள்ள வில்லை திரையின் சிறு பகுதியை மட்டுமே அதற்குக் காட்டுகிறது. ஒவ்வொரு கோடு போடும்போதும் புள்ளி அப்பகுதியைக் கடக்கும். ஒரு துடிப்பு தோன்றும். ஆக, நொடிக்கு ஏறத்தாழ 15,000 என்ற வேகத்தில் துடிப்புகள் வரும். அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டுமே ஏற்று, மற்றவற்றைத் தள்ளிவிடும் மின்சுற்று ஒன்றைத் துப்பாக்கிக்குள் வைத்தார்கள். அறை விளக்கோ சன்னல் வெளிச்சமோ அந்த வேகத்தில் துடிப்பதில்லை அல்லவா?

பின்னர் வந்த சில துப்பாக்கிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. 1992-இல் வந்த நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்கோப்', 1997-இல் வந்த நாம்கோ நிறுவனத்தின் 'கன்கான்' ஆகியவை நேரத்தை அளந்தன. படம் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துப் புள்ளி என் கண்ணில் பட்டது என்று தெரிந்தால், அது எத்தனையாவது கோடு, கோட்டில் எந்த இடம் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கோட்டுக்கு ஆகும் நேரம், நொடியைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் சுமார் 64 பங்கு. பொம்மைத் துப்பாக்கிக்குள் எத்தகைய கடிகாரம் பாருங்கள்!

இப்போது தட்டைத் திரைக்கு வருவோம். அதில் ஓடும் புள்ளி இல்லை. பின்னாலுள்ள விளக்கு திரை முழுவதையும் ஒளியூட்டிக் கொண்டே இருக்க, திரவப் படிகங்கள் அதைத் திறந்தும் மறைத்தும் படம் காட்டுகின்றன. துப்பாக்கி எதிர்பார்க்கும் துடிப்பு வருவதே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. புதிய தொலைக்காட்சி, வந்த படத்தைச் சீர்செய்த பிறகே காட்டுகிறது. அந்தத் தாமதத்தில், வெள்ளைச் சதுரம் திரைக்கு வந்து சேர்வதற்குள் எந்திரம் 'குறி தப்பிற்று' என்று தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். சில ஆர்வலர்கள் துப்பாக்கியின் மின்சுற்றை மாற்றி, காத்திருக்கும் நேரம் நீளும்படி ஆட்ட நிரலையும் திருத்தி, இப்பழைய வாத்துகளை மீண்டும் வீழ்த்தியிருக்கிறார்கள். அது எல்லோராலும் ஆகிற காரியமன்று.

ஆகவே, புதிய துணைக்கருவி எதைக் கண்டாலும் நான் விற்பனையாளரின் பேச்சைக் கேட்பதற்கு முன், இது எதன்மீது சாய்ந்து நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். 2006-இல் வந்த நின்டெண்டோவின் 'வீ' எந்திரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பட்டைக்கு 'உணர் பட்டை' என்று பெயர். ஆனால் அது எதையும் உணர்வதில்லை! இரு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளிதரும் சிறு விளக்குகள், அவ்வளவே. பார்ப்பது கைப்பிடியிலுள்ள காமிரா. அந்த இரு ஒளிப் பொட்டுகளும் எங்கே தெரிகின்றன என்பதைக் கொண்டு நீங்கள் சுட்டும் இடத்தை அது அறிந்துகொள்கிறது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். சுடரிலும் அகச்சிவப்பு உண்டு. இந்தக் கருவி திரையை நம்பவே இல்லை. அதனால் திரை எத்தனை மாறினாலும் அதற்குக் கவலையில்லை.

அகச்சிவப்பு விளக்கை நீங்களும் காணலாம். தொலைக்காட்சியின் தொலைவியக்கியைக் கைப்பேசிக் காமிராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு இருண்டு கிடக்கும் விளக்கு, காமிராவில் வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கும். பின்புறக் காமிராவில் தெரியாவிட்டால் முன்புறக் காமிராவில் முயலுங்கள். சிலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி சற்று வலுவாக இருக்கும்.

பரணில் கிடக்கும் ஸாப்பருக்கு வேண்டியது பழைய படக்குழாய்ப் பெட்டிதான். பழைய ஆட்டங்களில் பற்றுள்ளவர்கள் உலகெங்கும் அத்தகைய பெட்டிகளைத் தேடி வாங்கிப் பாதுகாக்கிறார்கள். உங்களுக்கு ஒன்று கிடைத்தால் இயக்கி மகிழுங்கள். ஆனால் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அது சில நேரம் தங்கியிருப்பதுண்டு.