முற்றத்துப் பள்ளிக்கு இன்னும் இரு கைகள்

காலை மணி ஒன்பதரை. ஊரின் கீழ்க்கோடியில் ஓர் அறைக் கட்டடம். சுவரிலே மங்கிப்போன மயிலும் மாம்பழமும். உள்ளே இருபது இருபத்தைந்து குழந்தைகள் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். பால்வாடி டீச்சர் என்று ஊரார் அழைக்கும் அந்த அம்மையார், காகத்தைப் பற்றிய பாட்டொன்றைத் தொடங்குகிறார். இரண்டு அடி பாடியதும் வாசலில் ஒரு குரல்: “டீச்சர், சத்துமாவு வந்திருச்சா?” எழுந்து போகிறார். மாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கித் திரும்பினால், கைக்குழந்தையை எடை பார்க்க ஒரு தாய் காத்திருக்கிறார். அதற்குள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்துவிடுகிறார். தடுப்பூசி போடவேண்டிய குழந்தைகளின் பட்டியல் வேண்டுமாம். பிறகு பதிவேடு. பிறகு கைப்பேசியில் பதிவு. அடுப்படியில் உதவியாளர் அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறார். அவராலும் வர இயலாது.

காகப் பாட்டு இரண்டாம் அடியிலேயே நிற்கிறது. குழந்தைகள் சற்று நேரம் பொறுத்திருக்கிறார்கள். பின்பு ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்குகிறார்கள். சாப்பாட்டு வேளை வருகிறது. உண்டு, உறங்கி, வீடு திரும்புகிறார்கள்.

இஃது ஏதோ ஒரு சிற்றூரின் கதையன்று. நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகளும், தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களும் உள்ளன. பணியாளரின் அன்பிலோ உழைப்பிலோ குறை காண நாம் வரவில்லை. இம்மையங்களுக்கு அரசு பொதுப் பணத்தைச் செலவிடுகிறது. அது நல்ல செலவே. ஆனால் அந்தப் பணம் குழந்தையின் வயிற்றை எட்டிய அளவுக்கு, அதன் அறிவை எட்டியிருக்கிறதா? நம் குடும்பங்கள் அமர்ந்து சிந்திக்கவேண்டிய கேள்வி இது.

முற்றம் பள்ளியான வரலாறு

‘அங்கன்’ என்றால் முற்றம். இச்சொல்லுக்குப் பின்னால் ஓர் அழகிய வரலாறு உண்டு. மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் ஊரில் 1945ஆம் ஆண்டு தாராபாய் மோதக் அம்மையார், அனுதாய் வாக் என்ற தம் துணையாளருடன் சிறார் கல்விப் பணியைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையைக் கற்று, அதை ஏழை இந்தியக் குழந்தைக்கு ஏற்றவாறு எளிதாக்கியவர் அவர். பழங்குடிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. உடனே அவர், “பிள்ளைகள் வராவிட்டால் என்ன, நாம் போவோம்” என்னும் துணிவோடு பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை, களிமண் ஆகியவையே பாடப்பொருள்கள் ஆயின.

ஆகவே, அங்கன்வாடி பிறந்ததே கல்விக்காகத்தான். இதை நாம் மறந்துவிடலாகாது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி என்ற பெயரையே தன் மையங்களுக்கு எடுத்துக்கொண்டது. ஆறு பணிகள் வகுக்கப்பட்டன: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கு உணவு - நலக் கல்வி, மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளோர்க்கு முன்பருவக் கல்வி. ஆறு பணிகள், ஆற்றுவதற்கோ ஒரு பெண்மணி, அவருக்கு ஓர் உதவியாளர்.

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, மெலிந்தவர்க்கு உணவளித்தது. 1982 ஜூலை 1 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி மாணவரோடு பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளையும் பந்தியில் அமர்த்தியது. எத்தனையோ குழந்தைகளின் பசியை அது ஆற்றியது. எனினும் ‘பால்வாடி என்றால் சோறு போடும் இடம்’ என்ற எண்ணமும் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயதுவரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்று முதலில் கூறியது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. மகிழ்ச்சியே. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அவ்வுரிமைக்கு வெளியே நின்றுவிட்டனர். அவர்களுக்குப் பேணலும் கல்வியும் அளிக்க அரசு ‘முயலும்’ என்று 45ஆம் பிரிவு மாற்றி எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், முன்பருவக் கல்விக்கு அரசு ‘ஏற்பாடு செய்யலாம்’ என்ற அளவில் நின்றுகொண்டது.

‘செய்யவேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. வரவு செலவுத் திட்டத்தில் கை வைக்க நேர்ந்தால், ‘செய்யலாம்’ என்றிருப்பதன்மீதே கை முதலில் விழும் அன்றோ?

உணவைப் பொறுத்தவரை நீதிமன்றம் துணை நின்றது. 2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், 2006 டிசம்பர் 13 அன்று, 14 இலட்சம் அங்கன்வாடிகள் இயங்கவேண்டும் என்று ஆணையிட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு எதுவாயினும், மக்கள் கேட்டால் மையம் தரவேண்டும் என்றும் கூறியது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவைச் சட்ட உரிமையாக்கியது. இவ்வாறு குழந்தையின் தட்டுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. அதன் பலகைக்குக் கிடைக்கவில்லை.

பணம் எவ்வழி செல்கிறது?

2015-16 முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களில், இத்திட்டத்தின் பொதுச் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. இணை உணவுச் செலவை இருவரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கென 2017இல் வகுக்கப்பட்ட அளவு 8 ரூபாய். அங்கன்வாடிப் பணியாளர்க்கு மத்திய அரசு கணக்கிடும் மாத மதிப்பூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக 2018 அக்டோபரில் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் தம் நிதியிலிருந்து இதற்குமேலும் சேர்த்துத் தருகின்றன.

‘மதிப்பூதியம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊதியம் என்றால் அவர் ஊழியர் ஆகிவிடுவார். வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய பின்னும், பணிக்கொடை பெற அவருக்கு உரிமை உண்டா என்பதே வழக்காகி, ‘உண்டு’ என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இதற்கிடையே வேலையோ கூடிக்கொண்டே வந்தது. 2021இல் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைப்பேசிச் செயலியும் வந்து சேர்ந்தது.

நம் மாநிலத்தில் மற்றுமொரு முயற்சியும் நடந்தது. 2019இல், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஏழைப் பெற்றோர் மகிழ்ந்தனர். 2022 ஜூனில் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு எழவே, அவை தொடரும் என்று அரசு சில நாள்களிலேயே அறிவித்தது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். சட்டக் காவல் இல்லாத கல்வி ஓர் அறிவிப்பில் அசைந்துவிடும். மக்கள் குரல் எழுப்பினால் அது நிலைக்கவும் செய்யும்.

அரைநாள் உதவி செய்த அற்புதம்

இனி, நம்பிக்கையூட்டும் செய்தி ஒன்று. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது.

பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர், நம் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். மற்ற மையங்கள் வழக்கம்போல் இயங்கின. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்த்தனர்.

கூடுதல் பணியாளர் வந்த மையங்களில் குழந்தைகள் கற்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் அவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தனர். இவை எதிர்பார்க்கத்தக்கவையே. வியப்புக்குரியது மற்றொன்று: அம்மையங்களில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்த குழந்தைகளின் விகிதமும், கடும் ஊட்டக்குறைவும் குறைந்திருந்தன. காரணம் எளிது. பாடம் சொல்ல ஒருவர் வந்ததும், பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாருடன் பேசவும் நேரம் கிடைத்தது. பலகைக்கு வந்த கை, தட்டுக்கும் உதவிற்று! அரசு செலவிட்டதைப்போல் பன்மடங்கு பயன், அக்குழந்தைகளின் பிற்கால வருவாயில் திரும்பக் கிடைக்கும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர்.

புதிய கட்டடம் எழுப்பவில்லை. பெரும் கருவிகள் வாங்கவில்லை. அவ்வூர்ப் பெண் ஒருவரின் அரைநாள் உழைப்பு மட்டுமே சேர்ந்தது. காகப் பாட்டு இறுதி அடிவரை பாடப்பட்டது.

சில ஐயங்கள்

“சின்னஞ்சிறு பிள்ளைக்குத் தாய்மடியே பள்ளி, அரசு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. தாய்மடிக்கு ஈடில்லை என்பது மெய்யே. ஆனால் விடியற்காலையில் நாற்று நடப் போகும் தாயின், கட்டட வேலைக்குச் சித்தாளாகச் செல்லும் தாயின் மடி, பகலில் எங்கே இருக்கிறது? பாட்டியும் அத்தையும் உடனிருந்த கூட்டுக் குடும்பமும் அருகி வருகிறது. அங்கன்வாடி தாய்மடிக்கு மாற்றன்று. தாய் திரும்பும்வரை தாங்கும் மடி அது.

“இந்த வயதில் படிப்புச் சுமை வேண்டுமா?” என்பது மற்றோர் ஐயம். வேண்டா. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து ஆங்கில எழுத்துகளை எழுதவைப்பது முன்பருவக் கல்வி ஆகாது. கதை, பாட்டு, விளையாட்டு, மணலில் கோடு, விதைகளை எண்ணுதல், வரிசையில் நின்று விட்டுக்கொடுக்கப் பழகுதல் ஆகியவையே அக்கல்வி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. உடன் ஆடவும் பாடவும் ஆள்தான் வேண்டும்.

“இது வீண் செலவாகாதா?” ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டனர். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்கிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் 1962இல் தொடங்கி, ஏழைக் குழந்தைகள் 123 பேரை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்த பெர்ரி ஆய்வும் இதையே உரைக்கிறது. நல்ல முன்பருவக் கல்வி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மிகுதியாகப் பள்ளிப்படிப்பை முடித்தனர், கூடுதலாக ஈட்டினர், குற்ற வழக்குகளில் குறைவாகச் சிக்கினர்.

நாம் செய்யக்கூடியது

நம்மில் பலர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியேனும் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளியின் மழலையர் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அத்துடன் பால்வாடி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘அது ஏழைகளுக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். வாய்திறந்து கேட்கக்கூடியவர்கள் விலகிவிட்டால், அங்கே எஞ்சியிருக்கும் குழந்தைக்காகக் கேட்பவர் யார்? சோப்புக்கு நாம் செலுத்தும் வரியிலும் அம்மையம் நடக்கிறது. அது நம்முடையதும் ஆகும்.

ஆகவே, அன்பர்களே, ஒரு நாள் காலை பத்து மணிக்கு உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் சென்று பாருங்கள். குறை கண்டுபிடிக்கவன்று, பணியாளருக்கு என்ன தேவை என்று கேட்க. நேரம் வாய்த்த தாய்மாரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும், பணியாளரின் இசைவோடு, வாரத்தில் ஒருநாள் ஒரு கதை சொல்லலாம். எனினும் தன்னார்வம், அரசின் கடமைக்கு ஈடாகாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடும் நாம், ‘எங்கள் அங்கன்வாடிக்குப் பாடம் சொல்ல ஒரு பணியாளர் வேண்டும்’ என்றும் ஒரு தீர்மானம் போடலாமே! வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடமும் அதையே கேட்கலாமே!

மூன்று வயதுக் குழந்தை மனு எழுதாது, ஊர்வலம் போகாது, வாக்கும் போடாது. பாட்டு நின்றுவிட்டால், டீச்சர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காக வாய்திறந்து கேட்கவேண்டியவர்கள் நாம்தாம்.