தவறான விடையில் இருக்கும் தகவல்

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பயிற்றியை எடுக்கலாம். சற்று நின்று பார்த்தால் அந்த 35 எப்படி வந்தது என்பது புலப்படும். இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதியிருக்கிறது. பத்துகளின் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. 'எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று அது தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு கணக்கிலும் ஒழுங்காகப் பின்பற்றுகிறது. இத்தகைய கழித்தல் பிழைகளைக் கணினியின் துணையோடு ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும், அவற்றில் பல கவனக்குறைவால் வருவன அல்ல, திரும்பத் திரும்ப ஒரே வழியில் நேர்பவை என்று 1978-இல் எடுத்துக்காட்டினார்கள்.

இப்படிக் கழித்த பிள்ளை பத்துக்கு மூன்று வாங்கியிருந்தால், பக்கத்து மேசைப் பிள்ளையும் அதே மூன்றுதான் வாங்கியிருக்கலாம். அதற்கு இனமாற்றிக் கழிப்பது நன்றாகவே தெரியும்; பூச்சியம் வந்தால் மட்டும் தடுமாறும். இருவரின் புள்ளியும் ஒன்றேதான். மறுநாள் இருவருக்கும் கற்பிக்க வேண்டியதோ வேறு வேறு. வகுப்பறைத் தரவு என்று சொல்லும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்; கணினியும் வரைபடமும் அப்புறம்.

மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகள் நெடுங்காலம் வேறொரு தரவை நம்பியிருந்தன. தொடக்கப்பள்ளியின் இறுதியில் எழுதப்பட்ட, 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவரின் உச்சம் பல ஆண்டுகள் 7ஏ, அதாவது ஏழு 'ஏ'; 2016 முதல் 8ஏ. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்ற பேச்சு ஆண்டு இறுதியில் வீட்டுக்கு வீடு நடக்கும். நாளிதழ்களில் பிள்ளைகளின் படங்கள் வரும். அந்தப் பெருமைக்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருந்தது. ஆனால் முடிவு வெளியாகும் நவம்பரில் ஆறாம் ஆண்டுப் பாடம் முடிந்து, பிள்ளை பள்ளியை விட்டுப் புறப்படும் நிலையில் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதே பிள்ளைக்கு அதே ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019-இல். 2021-இல் அது நீக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. அதற்கு முன்பே, 2019-இல், முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் கைவிடப்பட்டு வகுப்புசார் மதிப்பீட்டுக்கு முதலிடம் தரப்பட்டது. இதில் மாணவரின் நிலை ஒன்று முதல் ஆறு வரையான அடைவுநிலைகளில் பதிவாகிறது. எண்ணம் நல்லது. ஆயினும் 'அடைவுநிலை 3' என்று கட்டத்தை நிரப்புவதோடு வேலை முடிந்துவிட்டால், பழைய புள்ளிக்குப் பதில் புதிய புள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். எதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பிள்ளை மூன்றில் நிற்கிறது என்ற ஒரு வரி பக்கத்தில் இருந்தால்தான் குறைநீக்கல் நடவடிக்கைக்கு ஒரு திசை கிடைக்கும். நாள் பாடத்திட்டத்தின் கடைசியில் எழுதப்படும் சிந்தனை மீட்சிப் பகுதி அதற்கு ஏற்ற இடம். எத்தனை மாணவர் நோக்கத்தை அடைந்தனர் என்ற எண்ணிக்கையோடு, அடையாதவர் எங்கே இடறினர் என்பதையும் அங்கே குறித்துவிடலாம்.

சொல்வதெழுதுதல் இதற்கு எளிய சான்று. முப்பது பிள்ளைகளின் தாள்களை அடுக்கி, பிழைகளை ல-ள-ழ, ர-ற, ன-ண-ந, குறில்-நெடில், ஒற்று என்று ஐந்து கோடுகளில் பிரித்துக் குறித்தால் போதும். பிழைகள் பெரும்பாலும் ஒரே கோட்டில் குவிந்திருந்தால் மறுநாள் முழு வகுப்புக்கும் அதைக் கற்பிக்கலாம். நான்கைந்து பேரிடம் மட்டும் இருந்தால் அவர்களைத் தனியே அமர்த்திக்கொள்ளலாம். மற்றவர்கள் தெரிந்ததையே மீண்டும் எழுதிச் சலிக்க வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் கணக்குப் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் பெரும்பாலும் மலாயில் அதைச் சந்திக்கிறது. பிரச்சினைக் கணக்கில் பிள்ளை தோற்றால், தோற்றது கணிதத்திலா மொழியிலா? ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் வெளியிட்ட முறை இங்கே கைகொடுக்கும். கேள்வியை உரக்க வாசி; என்ன கேட்கிறது, சொல்; எப்படிச் செய்யப் போகிறாய், சொல்; செய்து காட்டு; விடையை முழுமையாக எழுது. இந்த ஐந்தில் எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று பார்த்தால் ஒரு சில நிமிடங்களில் விளங்கிவிடும். வாசிப்பில் இடறும் பிள்ளைக்கு நூறு கூட்டல் கணக்குகளைக் கொடுத்துப் பயனில்லை.

முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதன் பயனை நாட்டளவிலும் காணலாம். 2024-இல் முதலாம் ஆண்டு மாணவர்களை எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கல்வி அமைச்சு தனிப் பயிற்சி நடத்தியது. பின்தங்கியவர்களாக அடையாளம் காணப்பட்டவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களின் நிலை ஆறாம் ஆண்டில்தான் தெரியவந்திருந்தால் ஐந்து ஆண்டுகள் வீணாகியிருக்கும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இவ்வழியில் செல்வதுதான்: பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சியைத் தருகிறது. நிலை அவ்வப்போது மறுபடி பார்க்கப்பட வேண்டும். பார்க்காமல் விட்டால் குழுவின் பெயர் பிள்ளையின் பெயராகிவிடும்; அது பெரும் தீங்கு.

பிள்ளையிடம் எதைத் திருப்பித் தருகிறோம் என்பதும் முக்கியம். ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளி இல்லாமல் கருத்துரை மட்டும் பெற்ற மாணவரின் ஆர்வமும் செயல்பாடும் உயர்ந்தன. கருத்துரையோடு புள்ளியும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை; பிள்ளைகளின் கண் புள்ளியில் நின்றுவிட்டது. பெற்றோரிடமும் இதே பழக்கம்தான். பள்ளிச் சந்திப்பில் 'என் பிள்ளை எத்தனையாவது?' என்று கேட்பவர்கள், 'எந்த வகைக் கணக்கில் தடுமாறுகிறான், வீட்டில் நாங்கள் எதைப் பார்த்துக்கொள்ளட்டும்?' என்று கேட்டால், அந்தக் குறிப்பைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரின் வேலை பாதி குறையும்.