இருட்டில் கடற்பனியை எண்ணும் வழி

வட துருவக் கடலில் குளிர்காலம் முழுக்க இருட்டு. கோடையில் வெயில் இருந்தாலும் மேகம் விடாது. சாதாரணக் கேமராவை நம்பினால் பனி எங்கே நிற்கிறது என்பதே பல நாள் தெரியாது. ஜப்பான் 2012-இல் ஏவிய செயற்கைக்கோளில் உள்ள ஏ.எம்.எஸ்.ஆர்-2 கருவி வேறு வழியில் பார்க்கிறது. பனிக்கட்டி உட்பட எல்லாப் பொருளும் தன் வெப்பத்தால் மில்லிமீட்டர் அலைகளை உமிழ்கிறது. இந்தக் கருவி எதையும் பாய்ச்சுவதில்லை. 2 மீட்டர் ஆன்டெனாவை நிமிடத்துக்கு 40 முறை சுழற்றி, தானாக வருவதை மட்டும் அள்ளுகிறது. அதன் 89 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 3.4 மி.மீ.

ஆனால் பிரகாசத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். மேகம் மூடிய கடல்நீரும் பல ஆண்டு பழைய பனியும் ஒரே அளவில் தெரியக்கூடும். இங்கேதான் தளவிளைவு, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது, கைகொடுக்கிறது. ஈரச்சாலையின் கண்கூச்சத்தைப் போலராய்டு கண்ணாடி அடக்குவதும் இதே இயற்பியல்தான். சாய்வாக, ஏறத்தாழ 55 பாகையில் பார்க்கும்போது, வழவழப்பான நீர்ப்பரப்பு கிடைமட்ட அதிர்வைக் குறைவாகவும் செங்குத்து அதிர்வை அதிகமாகவும் உமிழும். பனியிலோ உப்பும் காற்றுக்குமிழும் மேலே படிந்த வெண்பனியும் சேர்ந்து இந்த வேறுபாட்டைக் கலைத்துவிடுகின்றன. செங்குத்து அளவிலிருந்து கிடைமட்ட அளவைக் கழித்தால் போதும்: ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழகத்தார் பயன்படுத்தும் கணக்கில், வித்தியாசம் 47 கெல்வினைத் (பிரகாசத்தை வெப்பநிலையாகச் சொல்லும் அலகு) தொட்டால் திறந்த நீர், 11.7-க்குக் கீழே போனால் முழுப் பனி, நடுவில் இருந்தால் கலவை. பனி இன்னும் குளிர்ந்தால் இரண்டு அளவுகளும் சேர்ந்தே இறங்கும். வித்தியாசம் பெரிதாக அசையாது. பிரகாசத்தைவிட இந்தக் கழித்தலை நான் நம்புவதற்குக் காரணம் அதுதான்.

மேகமும் காற்றும் நீரின் வித்தியாசத்தையும் குறைத்து, இல்லாத பனியைக் காட்டுமே என்று கேட்கலாம். உண்மைதான். அதற்காகவே குறைந்த அதிர்வெண்களின் அளவீடுகளை வைத்து வடிகட்டுகிறார்கள். அந்த வடிகட்டல் சில சமயம் ஓரத்து நிஜப் பனியையும் தின்றுவிடும். கருவி பார்க்கும் ஒரு புள்ளி சுமார் 3-க்கு 5 கிலோமீட்டர் என்பதால் கப்பலுக்கு வழிகாட்ட இது போதாது, ரேடார்ப் படம் வேண்டும் என்பதும் சரியே. ஆனால் நுட்பமான ரேடார் படம் துருவம் முழுவதையும் தினமும் மூடுவது கடினம். ஏ.எம்.எஸ்.ஆர்-2 கருவியோ 1,450 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பார்க்கிறது. விடை இல்லாத ஆட்சேபம் ஒன்று உண்டு: கோடையில் பனியின் மேலேயே உருகுநீர்க் குளங்கள் தேங்கும். கருவிக்கு அதுவும் நீர்தான். ஜூலை வரைபடம் 70 சதவீதப் பனி என்றால், மீதி 30 கடலா குளமா என்பதை இந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது.