சிக்கிள் செல் அட்டை வந்தாயிற்று, மருந்து?

சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்காக 7 கோடிப் பேரைப் பரிசோதித்து முடிக்க மத்திய அரசு தனக்கே வைத்துக்கொண்ட கெடு 2025-26 நிதியாண்டு. ஐதராபாத் போவன்பள்ளி வாசகர்களின் கடிதங்களிலோ குழப்பம் தீர்ந்தபாடில்லை. அதிகம் பேர் கேட்பது ஒன்றுதான்: அமெரிக்காவில் விஜய் சங்கரன் என்ற டாக்டர் ஏதோ கண்டுபிடித்தாராமே, அது இங்கே கிடைக்குமா?

சங்கரன் கையில் எடுத்தது பழைய புதிர். இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கரு ஹீமோகுளோபின் அதைக் காக்கிறது என்று நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-லேயே சொல்லிவிட்டார். ஒடிசா நோயாளிகளுக்கு வளர்ந்த பிறகும் அது ஜமைக்கா நோயாளிகளை விடக் கூடுதலாக இருப்பதைப் பி.சி. கர், கிரஹாம் செர்ஜன்ட் குழு 1986-இல் பதிவுசெய்தது. அப்படியானால், மற்றவர்கள் உடலில் பிறந்த பிறகு அந்த ஹீமோகுளோபினை நிறுத்துவது எது?

மரபணு ஆய்வுகள் பிசிஎல்11ஏ என்ற மரபணுவைச் சுட்டின. ஹார்வர்டில் மருத்துவமும் முனைவர் ஆய்வும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் அதன் வேலையைக் குறைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களாக வளரும் செல்களில் கரு ஹீமோகுளோபின் ஏறியது. ஆண்டு 2008.

ஆனால் அந்த மரபணுவை அப்படியே வெட்டியெறிய முடியாது. மூளைக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் அது வேண்டும். 2013-இல் ஆர்கின் குழுவினர் அதற்குள் ஒரு சிறு பகுதியைக் கண்டார்கள்: சிவப்பணு வரிசையில் மட்டும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் பகுதி. வீட்டு மெயினைத் தொடாமல் ஓர் அறையின் ஃபியூஸை மட்டும் பிடுங்குவது போல, அந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதும். இத்துறையின் ஆக அழகான கண்டுபிடிப்பு இதுவே. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை இந்த வெட்டைத்தான் செய்கிறது.

விலை 22 லட்சம் டாலர். சிகிச்சைக்கு முன் கடுமையான கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைப்பேற்றுத் திறனே போகலாம்.

அதே கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டும் மலிவான மருந்து இருக்கிறது: ஹைட்ராக்ஸியூரியா. இந்த நோயின் வலித் தாக்குதல்களை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என 1995-லேயே அமெரிக்க ஆய்வு நிரூபித்தது. பரிசோதனை 2025-இலேயே 6 கோடியைத் தாண்டியதாக அரசு பெருமைப்படுகிறது. நோய் உறுதியான 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த மருந்து மாதம் தவறாமல் கிடைக்கிறது என்பதை அதே உற்சாகத்தோடு அது சொல்ல வேண்டும். ‘2047-க்குள் ஒழிப்பு’ என்ற அரசின் முழக்கமும் நோயைக் குணமாக்கும் வாக்குறுதி அல்ல. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதைக் கீழிறக்குவதே இலக்கு. அதற்கு அரசு பெரிதும் நம்புவது பரிசோதனை முடிவைச் சொல்லும் அட்டைகளைத் திருமணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பதை. ஏற்கெனவே நோயோடு பிறந்துவிட்ட பிள்ளைக்கு அட்டையால் என்ன பயன்?

இனி வாசகர்களின் மற்றக் கேள்விகள். கேரியர் (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் செல் மரபணுவைப் பெற்றவர்) என்றால் நோயாளியா? இல்லை.

கேரியர்கள் இருவர் மணந்தால்? ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

சிக்கிள் செல் பழங்குடியினருக்கு மட்டும்தானா? 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவானது உண்மை. மற்ற சமூகங்களிலும் உண்டு.

சிக்கிள் செல் மரபணு ஏன் அழியவில்லை? கேரியர்களை அது கடுமையான மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கிறது.

ஐதராபாத்தில் எங்கே போவது? சிவராம்பள்ளியில் தலசீமியா, சிக்கிள் செல் சொசைட்டி இருக்கிறது. அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.