பாசிக்குடாவில் கைச்செலவு

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து இலங்கையின் பாசிக்குடாவுக்கு விடுமுறையில் வருபவர்கள் பலர், நாணய மாற்று விகிதத்தை வைத்தே கைச்செலவைக் கணக்கிடுகிறார்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் மீதான பிடி தளர்ந்தபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. விடுமுறை பாதி விலைக்கு வந்ததுபோல் தோன்றியது. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மாற்றில் கிடைத்த இலாபத்தில் பெரும்பங்கு மீனிலும் பெற்றோலிலும் கரைந்தது. கடலோர ஹொட்டேல்கள் பலவற்றில் அறை வாடகையே டொலரில்தான். அங்கே ரூபாய் சரிந்தென்ன, நிமிர்ந்தென்ன?

ஆகவே, எங்கே சாப்பிடுகிறோம் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரி. ஹொட்டேல் பில்லின் அடியைப் பாருங்கள்: 1,000 ரூபாய்ச் சாப்பாட்டின் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத வற் வரி ஏறினால் 1,298 ரூபாய். இரண்டு நேரச் சாப்பாட்டை அருகிலுள்ள வாழைச்சேனைச் சாப்பாட்டுக்கடைக்கு மாற்றினாலே நாளாந்தச் செலவு வெகுவாக இறங்கும். ஓட்டோக் கூலி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும் என்பார்கள். தனியாள் என்றால் உண்மைதான். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அப்படியல்ல. கார்ட் போதுமே என்பது இன்னொரு வாதம். ஓட்டோக்காரருக்கும் தோணிக்காரருக்கும் கையில் காசுதான் வேண்டும்; அதை வாழைச்சேனை வங்கியில் எடுத்துக்கொள்ளலாம்.