கோபுரம் எட்டாத கடலில் கைப்பேசி

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டிலிருந்து ஒரு விசைப்படகு மீன்பிடிக்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தாண்டியதும் கைப்பேசியில் பேச முடிவதில்லை. ஆனால் படகு எங்கே இருக்கிறது என்பதை அதே கைப்பேசி காட்டுகிறது. இது எப்படி?

பேச்சு கரையிலுள்ள கோபுரத்தின் வழியே செல்ல வேண்டும். தொலைவு கூடக் கூட ரேடியோ அலை வலுவிழக்கிறது. பூமியின் வளைவும் குறுக்கிடுகிறது. இருப்பிடத்தை உணர்த்தும் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளோ சுமார் 20,200 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கைப்பேசி இடத்தைக் கணக்கிடுகிறது. அதற்குக் கோபுரம் தேவையில்லை.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக 'பிஷர் பிரண்ட்' என்னும் செயலியை உருவாக்கியது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் இடம் முதலியவற்றை அது தமிழிலும் தருமாறு அமைக்கப்பட்டது. ஆனால் படகு கரையை விட்டு நெடுந்தூரம் சென்றபின் புயல் உருவானால் என்ன ஆகும்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் உயிரிழந்தனர்.

2019-இல் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசியிலுள்ள செயலிக்கு அது தருகிறது. செயலி அதை மீனவரின் மொழியில் காட்டுகிறது. ஆயினும் ஜெமினிக்குக் கேட்க மட்டுமே தெரியும், பேசத் தெரியாது.

2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவிகள் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம் இது. இக்கருவி வாயிலாக, நடுக்கடலில் ஆபத்தில் சிக்கியவர் கரைக்குச் செய்தி அனுப்பலாம்.

செயலி எவ்வளவு சிறந்ததாயினும், செய்தி வந்து போக ஒரு பாதை வேண்டுமல்லவா?