நல்ல கொழுப்பும் நம் கல்லாப்பெட்டியும்

பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு ஓய்வேது? பக்தர்கள் பல மைல் நடந்தே வருகிறார்கள். நாமோ விடியற்காலை கல்லாவில் உட்கார்ந்தால் எழ நள்ளிரவாகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தால் மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்து, "180தானே" என்று மடித்து வைத்துவிடுகிறோம். அதே சீட்டில் எச்.டி.எல். என்றொரு வரி இருப்பதைக் கவனிப்பதில்லை.

இதை 'நல்ல கொழுப்பு' என்கிறார்கள். உண்மையில் இது கொழுப்பைச் சுமக்கும் வண்டி. வண்டியின் அடிச்சட்டம் 'அப்போ ஏ-1' என்ற புரதம். கல்லீரலும் சிறுகுடலும் அதைத் தயாரிக்கின்றன. காந்தி மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரியைப் போன்றது எல்.டி.எல். இறக்கிய சரக்கு தேங்கினால் என்னாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமனிச் சுவரில் தேங்கும் கொழுப்பை வெள்ளையணுக்கள் விழுங்கி, உப்பி, அங்கேயே கிடந்து அழற்சியை வளர்க்கின்றன. அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. எச்.டி.எல். அந்த அணுக்களிடமிருந்து கொழுப்பை வாங்கிக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. பித்தநீர் வழியே அது வெளியேறுகிறது. புதிய வெள்ளையணுக்கள் தமனியின் உட்புறத்தில் ஒட்டாமலும் தடுக்கிறது.

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி, 2014-ல் வெளியான ஆய்வில், 100-க்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவு. மொத்தக் கொழுப்பு மிகுந்தவர்களோ 14 பேர்தான்!

மாத்திரையால் ஏற்றிவிடலாமே என்று வியாபாரி மனம் கணக்குப் போடும். போட்டுப் பார்த்தார்கள். டார்செட்ரபிப் என்ற மருந்து எண்ணை நன்றாகவே ஏற்றியது. ஆனால் உயிரிழப்பு கூடியதால் 2006-ல் கைவிடப்பட்டது. மாரடைப்பு கண்டவர்களுக்கு அப்போ ஏ-1 புரதத்தையே நரம்பில் ஏற்றிய பெரிய ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது; 90 நாளில் எதிர்பார்த்த பலன் இல்லை. மாறாக, இத்தாலியின் லிமோனே என்ற ஊரில் சில குடும்பத்தாருக்கு எச்.டி.எல். மிகக் குறைவு, ஆயினும் இதய நோய் பெருகவில்லை. அவர்களுடைய அப்போ ஏ-1 புரதத்தில் ஒரு சிறு மாறுதல்!

வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவை வேலை செய்கின்றனவா என்பதே முக்கியம். புகையும், கட்டுப்படாத சர்க்கரையும் அந்தப் புரதத்தைக் கெடுக்கின்றன. ஆகவே பீடி, சிகரெட்டை விற்பவர்கள் விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். கடை திறக்கும் முன் அரை மணி நேரம் நடக்கலாம். திருவிழா நாளில் அதுவும் முடியாதென்றால், மணிக்கொரு தரம் கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு, கிடங்குவரை நாமே போய் மூட்டைகளை எண்ணிவிட்டு வரலாம்.